திருத்தம் ஏற்ற பெரியோர்

ரமலான் இரவுகளில் நம் பள்ளிவாசல்களில் நிகழும் காட்சி ஒன்றை வாசகர் அனைவரும் கண்டிருப்பர். தராவீஹ் தொழுகையில் ஹாபிழ் ஒருவர் திருக்குர்ஆனை மனனமாக ஓதிச் செல்கிறார். பின்னால் முதல் வரிசையில் நிற்கும் மற்றொரு ஹாபிழ் செவி சாய்த்துக் கேட்டு வருகிறார். ஒத்த சொற்கள் பயின்று வரும் இரண்டு ஆயத்துக்களுக்கு இடையே இமாமின் நா தடம் மாறுகிறது. உடனே பின்னாலிருந்து சரியான சொல் உரக்க எடுத்துக் கொடுக்கப்படுகிறது. இமாம் அதனைப் பெற்று, அந்த ஆயத்தை மீண்டும் ஓதி, மேலே செல்கிறார். ஊரே பின்னால் நிற்கிறது, ஊரே கேட்கிறது. ஆயினும் ஓதியவர் மனம் புண்படுவதில்லை. எடுத்துக் கொடுத்தவர் அதைப் பெருமையாக வெளியே பேசித் திரிவதுமில்லை.

அதே மனிதர்கள் தொழுகை முடித்து, ஹவுளைக் கடந்து வாசலுக்கு வந்துவிட்டால் நிலைமை வேறாகிவிடுகிறது. கணக்கில் ஒரு பிழையையோ, பேச்சில் ஒரு தவறையோ, பிள்ளை வளர்ப்பில் ஒரு குறையையோ எவரேனும் சுட்டிக் காட்டினால் முகம் சிவக்கிறது. "நீ யார் எனக்குச் சொல்ல?" என்ற கேள்வி பிறக்கிறது. சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தையே அற்றுப்போகிறது. தொழுகைக்குள் இயல்பாக வந்த பண்பு தொழுகைக்கு வெளியே எங்கே போயிற்று? இந்தக் கேள்வியை மனத்திற்கொண்டு, ஹதீஸ் கலை வளர்ந்த நூற்றாண்டுகளின் வரலாற்றில் சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்குச் செல்வோம். பகற்பொழுதின் தொழுகை ஒன்றில், நான்கு ரகஅத்துக்கள் தொழவேண்டிய இடத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு ரகஅத்துக்களிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் அபூபக்கர் (ரலி) அவர்களும் உமர் (ரலி) அவர்களும் இருந்தார்கள். ஆனால் மரியாதை கலந்த அச்சத்தால் அவ்விருவரும் வாய் திறக்கவில்லை. கைகள் நீண்டிருந்தமையால் 'துல்யதைன்' என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர் எழுந்து, தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்பதே நாயகம் (ஸல்) அவர்களின் முதல் மறுமொழி. ஆயினும் அவர்கள் அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. இவர் சொல்வது உண்மைதானா என்று மக்களைப் பார்த்து வினவினார்கள். ஆம் என்று மக்கள் கூறினர். உடனே எஞ்சிய ரகஅத்துக்களைத் தொழுது முடித்து, மறதிக்குரிய ஸஜ்தாவையும் செய்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம் பெற்றுள்ள செய்தி இது.

இந்நிகழ்ச்சியில் ஓர் ஒழுங்குமுறை அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். சொன்னவர் சொல்லைக் கேட்டார்கள். பிறரிடம் உசாவி உறுதி செய்தார்கள். விடுபட்டதை நிறைவு செய்தார்கள். பிழை நேர்ந்ததற்கு அடையாளமாக ஸஜ்தா செய்தார்கள். கேட்டல், சரிபார்த்தல், திருத்தல், ஒப்புக்கொள்ளல் என்னும் இந்நான்கு படிகளையே பின்வந்த ஹதீஸ் கலை மேதைகள் தங்கள் வாழ்விலும் ஏட்டிலும் கைக்கொண்டார்கள் என்பதை இனிக் காண்போம்.

இப்போது ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளைக் கடந்து, மத்திய ஆசியாவின் புகாரா நகருக்கு வருவோம். ஹிஜ்ரி 205ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அத்தாகிலீ என்னும் ஆசிரியர் மாணவர்களுக்கு ஹதீஸ் ஓதிக்கொடுத்துக் கொண்டிருக்கிறார். அறிவிப்பாளர் வரிசையைச் சொல்லும்போது, ஸுஃப்யான் அபுஸ் ஸுபைரிடமிருந்தும், அவர் இப்ராஹீமிடமிருந்தும் அறிவித்ததாகக் கூறுகிறார். கூட்டத்திலிருந்து ஒரு சிறுவனின் குரல் எழுகிறது: அபுஸ் ஸுபைர் இப்ராஹீமிடமிருந்து எதையும் அறிவித்ததில்லையே! ஆசிரியர் அவனை அதட்டுகிறார். சிறுவன் அடங்கினானில்லை, ஆனால் வாதாடவும் இல்லை. தங்களிடம் மூல ஏடு இருந்தால் அதனைப் பாருங்கள் என்று மட்டும் கூறினான்.

ஆசிரியர் எழுந்து உள்ளே சென்றார். மூல ஏட்டைப் பார்த்தார். திரும்பி வந்து, அப்படியானால் அது எவ்வாறு இருக்க வேண்டும் தம்பி, என்று கேட்டார். அது அபுஸ் ஸுபைர் அன்று, ஸுபைர் இப்னு அதீ என்றான் சிறுவன். ஆசிரியர் அவனிடமிருந்து எழுதுகோலை வாங்கித் தம் ஏட்டைத் திருத்திக்கொண்டு, நீ சொன்னதே சரி என்று அனைவர் முன்னிலையிலும் கூறினார். அச்சிறுவனுக்கு அப்போது வயது 11. பிற்காலத்தில் இமாம் புகாரி (ரஹ்) என்று உலகம் போற்றியது அவரைத்தான்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சிறுவனின் நினைவாற்றலை வியந்து நிறுத்திக்கொள்கிறார்கள். நமக்கோ அந்த ஆசிரியர்மீதே கண் செல்கிறது. 'அபூ' என்னும் ஒரு சிறு சொல்தான் பிழை. அந்த ஒரு சொல்லால் ரய் நகரத்துக் காளியார் ஒருவரின் இடத்தில் மக்காவைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் வந்துவிடுகிறார். அத்தாகிலீ முதலில் அதட்டினார் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. மனிதருக்கு முதற்கணத்தில் சினம் எழுவது இயல்பு. அந்தச் சினத்தோடு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால், பாடம் தடையின்றி நடந்திருக்கும். பிழையும் ஏட்டில் நிலைத்திருக்கும். அந்தச் சிறுவன் அடுத்த முறை வாய் திறக்கத் தயங்கியிருப்பான். அவர் எழுந்து உள்ளே நடந்தார். அந்தச் சில அடிகளில்தான் அவருடைய கல்வியின் பெருமை முழுவதும் அடங்கியிருக்கிறது. சிறுவன் சொன்னான் என்பதற்காக உடனே ஏற்கவும் இல்லை. சிறுவன் சொன்னான் என்பதற்காக மறுத்துவிடவும் இல்லை. மூல ஏட்டைப் பார்த்து முடிவு செய்தார்.

இத்தகைய பண்பு தனிமனிதர் சிலரின் நற்குணத்தால் மட்டும் வளர்ந்ததன்று. ஹதீஸ் எழுதும் தொழிலே திருத்தத்தை அடிப்படையாகக் கொண்டு அமைந்திருந்தது. உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் தம் மகன் ஹிஷாமிடம், எழுதிவிட்டாயா என்று கேட்டார்கள். ஆம் என்றார் மகன். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் நீ எழுதவே இல்லை என்று கூறிவிட்டார்கள் தந்தை. ஒப்பிட்டுப் பார்ப்பதை 'முகாபலா' என்பர். ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் படியைப் பார்த்து வருவது அதன் முறை. ஒரு ஹதீஸுக்கும் அடுத்த ஹதீஸுக்கும் இடையே சிறு வட்டம் ஒன்றை வெறுமையாக இட்டுவைத்து, ஒப்பிட்டு முடித்த பின் அதனுள்ளே ஒரு புள்ளி வைக்குமாறு கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 392 – 463) கூறியுள்ளார்கள். புள்ளியில்லாத வட்டம் இன்னும் சரிபார்க்கப்படாத செய்திக்கு அடையாளமாக நின்றது.

விடுபட்ட சொல்லைச் சேர்ப்பதற்கும் முறை இருந்தது. விடுபட்ட இடத்திலிருந்து ஒரு கோடு மேலெழுந்து ஓரத்தை நோக்கி வளையும். ஓரத்தில் அச்சொல்லை எழுதி, இறுதியில் சரியானது என்னும் பொருளில் 'ஸஹ்ஹ' என்று குறிப்பார்கள். மிகையான சொல்லை நீக்குவதில் அவர்கள் காட்டிய நுட்பம் இன்னும் வியப்புக்குரியது. கத்தியால் சுரண்டி அழிப்பதை அவர்கள் விரும்பவில்லை. சொல்லின்மீது கோடு மட்டும் இழுப்பார்கள். அடித்த சொல் கீழே படிக்கத்தக்கதாகவே இருக்கும். இன்று பிழையென்று அடித்த சொல் வேறொருவர் அறிவிப்பில் சரியாக இருக்கக்கூடும் என்பதே காரணம். பாடம் கேட்கும் சபைக்குக் கத்தி கொண்டு வருவதையே ஆசிரியர்கள் வெறுத்தார்கள் என்றும் நூல்கள் கூறுகின்றன. தம் பிழை பின்வருவோர் கண்ணிற்படும் என்பதை அறிந்தே அவர்கள் கோடிட்டார்கள். திருத்தப்பட்ட ஏடு மாசுபட்ட ஏடாக அவர்களுக்குத் தோன்றவில்லை. திருத்தமே காணாத ஏட்டைத்தான் அவர்கள் ஐயத்தோடு நோக்கினார்கள்.

திருத்தம் சொல்வோர்க்கும் ஒரு முறை உண்டு. மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் சபை. உளூச் செய்யும்போது கால் விரல்களுக்கிடையே கோதிக் கழுவுவது பற்றி ஒருவர் கேட்க, அது மக்கள்மீது கடமையன்று என்று இமாம் அவர்கள் விடை கூறினார்கள். எகிப்திலிருந்து வந்து அவர்களிடம் கல்வி பயின்ற இப்னு வஹ்ப் (ரஹ்) அங்கிருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் தம் சிறுவிரலால் கால் விரல்களுக்கிடையே தேய்த்ததைத் தாம் கண்டதாக முஸ்தவ்ரித் இப்னு ஷத்தாத் (ரலி) அறிவித்த ஹதீஸ் அவருக்குத் தெரியும். எனினும் அவர் கூட்டத்தில் எழுந்து பேசவில்லை. மக்கள் கலைந்து செல்லும்வரை காத்திருந்தார். பின்னர் அருகே சென்று, இது பற்றி எங்களிடம் ஒரு ஹதீஸ் இருக்கிறது என்று தொடங்கி, அறிவிப்பாளர் வரிசையோடு எடுத்துரைத்தார்.

மாலிக் இமாம் அவர்கள் அது நல்ல ஹதீஸ் என்றார்கள். அதுவரை தாம் அதைக் கேள்விப்பட்டதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். பின்னர் இதே கேள்வி அவர்களிடம் கேட்கப்பட்டபோது, விரல்களைக் கோதிக் கழுவுமாறு ஏவியதை இப்னு வஹ்ப் தம் காதால் கேட்டார். இங்கே தனியே சொன்ன மாணவரின் நாகரிகமும், பொதுவிலேயே விடையை மாற்றிக்கொண்ட ஆசிரியரின் நேர்மையும் ஒன்றையொன்று அழகு செய்கின்றன. தனியே பெற்ற திருத்தத்தைத் தனிமையிலேயே புதைத்துவிட அவர்களால் முடிந்திருக்கும். அவ்வாறு செய்யவில்லை.

மாலிக் இமாமின் மாணவரான இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களோ, திருத்தம் தம்மைத் தேடி வரும்வரை காத்திராமல், தாமே அதனைத் தேடிச் சென்றார்கள். தம்மைவிட 14 ஆண்டுகள் இளையவரும், தம்மிடம் பயின்றவருமான அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம், ஹதீஸில் நீங்கள் எம்மைவிட அறிந்தவர்கள். சரியான ஹதீஸ் ஒன்று இருக்குமானால், அது கூஃபா வழியில் வந்ததாயினும், பஸ்ரா வழியில் வந்ததாயினும், ஷாம் வழியில் வந்ததாயினும் எமக்கு அறிவியுங்கள், அதன்படி நடப்போம் என்ற கருத்தில் அவர்கள் கூறியது புகழ்பெற்றது. ஹிஜ்ரி 195இல் பக்தாதுக்கு வந்து நூல்கள் இயற்றிய அவர்கள், 199ஐ ஒட்டி எகிப்துக்குச் சென்ற பின், தம் பழைய கருத்துகள் பலவற்றை மீண்டும் ஆராய்ந்து மாற்றிக்கொண்டார்கள். ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) மறையும்வரை அப்பணி தொடர்ந்தது. பக்தாதுக் கருத்துகளைக் 'கதீம்' என்றும், எகிப்துக் கருத்துகளை 'ஜதீத்' என்றும் ஃபிக்ஹு நூல்கள் வழங்குகின்றன.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் ஷாஃபியீ மத்ஹபைப் பின்பற்றும் நம் மக்கள், சில மஸ்அலாக்கள் நீங்கலாக, அந்த ஜதீதின்படியே தொழுகிறார்கள், நோன்பு நோற்கிறார்கள். அதாவது, ஒரு பேரறிஞர் தம் சொல்லைத் தாமே திருத்திக்கொண்டதன் பயனை நாம் அன்றாடம் நுகர்ந்து வருகிறோம். முதலில் சொன்னதே முடிந்த முடிவு என்று அவர்கள் இருந்திருந்தால், நம்முடைய வழிபாடே வேறு வடிவில் இருந்திருக்கும்.

எழுத்தில் வந்த கண்டனத்தை ஏற்ற கதையும் ஒன்றுண்டு. நைஸாபூரில் வாழ்ந்த அல்ஹாகிம் (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 321 – 405) 'அல்மத்கல்' என்னும் நூலை இயற்றியிருந்தார்கள். தொலைவில், எகிப்தில் வாழ்ந்த அப்துல் கனீ இப்னு ஸஈத் (ரஹ்) அந்நூலில் கண்ட பிழைகளைத் தொகுத்து எழுதினார். அது நைஸாபூரைச் சென்றடைந்தது. மறுப்பு வருமோ, வசை வருமோ என்று எதிர்பார்க்கத்தக்க இடத்தில், நன்றி கூறியும் துஆச் செய்தும் ஹாகிமிடமிருந்து செய்தி வந்தது. அவர் அறிவுடைய மனிதர் என்பதை அப்போதுதான் தாம் தெரிந்துகொண்டதாக அப்துல் கனீ கூறினார். ஹாகிமின் நூல்கள் பல அதற்கு முன்பே அறிவுலகில் பரவியிருந்தன. ஆயினும் நூல்களைக் கொண்டு அவர் அறிவை அளக்காமல், திருத்தத்தை ஏற்ற விதத்தைக் கொண்டே அப்துல் கனீ அளந்தார்.

ஏற்றவர்களைக் கண்டோம். ஏற்காதவர் ஒருவரையும் காண்பது முறை. கூஃபாவில் வகீஉ இப்னுல் ஜர்ராஹ் (ரஹ்) என்னும் மாபெரும் ஹதீஸ் மேதை வாழ்ந்தார். அவருடைய மகன் ஸுஃப்யான் இப்னு வகீஉ. தந்தையின் ஏடுகள் அவரிடம் இருந்தன. பொய் சொல்லும் மனிதரும் அல்லர். ஆனால் அவரிடம் படியெழுதும் 'வர்ராக்' ஒருவன் இருந்தான். அவன் ஸுஃப்யானுடையவை அல்லாத செய்திகளை அவருடைய ஏடுகளில் நுழைத்துவிட்டான். இதனை அறிந்த அறிஞர்கள் அவர்மீது அன்பு கொண்டு நேரில் சென்றார்கள். அவர்களுள் ஒருவரான அபூஹாதிம் அர்ராஸீ (ரஹ்) அதனை விவரித்திருக்கிறார். அந்த எழுத்தாளனை விலக்கிவிடுங்கள், மூல ஏடுகளிலிருந்து மட்டும் அறிவியுங்கள், நம்பகமான ஒருவரிடம் அவற்றை ஒப்படையுங்கள் என்று வழியும் சொன்னார்கள். ஸுஃப்யான் சினக்கவில்லை; வாதாடவில்லை. ஏற்றுக்கொண்டேன் என்றார். ஆனால் சொன்னவற்றுள் ஒன்றையும் செய்யவில்லை. ஹிஜ்ரி 247இல் (கி.பி. 861) அவர் மறைந்தார். உண்மையாளர்தாம், ஆனால் அறிவுரை கூறப்பட்டும் ஏற்கவில்லை, ஆகவே அவருடைய ஹதீஸ்கள் மதிப்பிழந்தன என்பதே பிற்கால மேதை இப்னு ஹஜர் (ரஹ்) தரும் சுருக்கம்.

தலையசைத்துவிட்டுச் சும்மா இருப்பதும் மறுப்பின் ஒரு வகையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அதட்டிய அத்தாகிலீ ஏட்டைத் திருத்தினார். அவர் பெயர் நன்மையோடு நிலைத்தது. இன்சொல் கூறிய ஸுஃப்யான் ஏட்டைத் திருத்தவில்லை. தந்தை வழி வந்த செல்வம் வீணாயிற்று.

ஹதீஸ் கலையின் சட்டமும் இதனையே கூறுகிறது. டமாஸ்கஸில் ஆசிரியராக விளங்கிய இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 577 – 643) தம் நூலில் முன்னோர் கருத்தொன்றைத் தருகிறார்கள். ஒருவர் ஒரு ஹதீஸில் பிழை செய்து, அது விளக்கிக் காட்டப்பட்ட பின்னும் திரும்பாமல் அதையே அறிவித்துக்கொண்டிருந்தால், அவருடைய அறிவிப்புகள் ஒதுக்கப்படும் என்று இப்னுல் முபாரக், அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) முதலியோர் கருதினார்கள். பிடிவாதத்தால் அவ்வாறு செய்தது தெளிவானால் மட்டுமே அத்தீர்ப்புப் பொருந்தும் என்பது இப்னுஸ் ஸலாஹ் அவர்களின் நுட்பமான விளக்கம். பிழை செய்தவரை இக்கலை தள்ளிவிடவில்லை. பிழை செய்யாதவர் எவருமில்லை என்பதை அது அறியும். காட்டிய பின்னும் பிடிவாதம் பிடித்தவரையே அது தள்ளியது.

இவற்றையெல்லாம் மாணவர்களுக்குப் பல்லாண்டு ஓதிக்கொடுத்து வந்த நாம், நம்முடைய கதையையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இளமையில் ஓர் ஊரின் மதரஸாவில் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். ஹதீஸ் கிதாபில் ஓர் அறிவிப்பாளரின் பெயரை 'உபைதா' என்று வாசித்தோம். பதினான்கு வயதுள்ள மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், இவர் ஸல்மானீ அல்லவா? 'அபீதா' என்று ஓத வேண்டும் என்று முன்பு எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்" என்றான். அரபியில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே, உயிர்க்குறிதான் வேறு. "கிதாபைப் பார்த்து உட்கார்" என்று கூறிவிட்டு மேலே சென்றோம். அன்றிரவு பெயர் நூல்களைப் புரட்டினோம். அவன் சொன்னதே சரியாக இருந்தது.

மறுநாள் அப்பெயர் மீண்டும் வந்தது. 'அபீதா' என்று சரியாகவே வாசித்தோம். என்றும் அப்படியே வாசித்து வந்தவர்போல வாசித்தோம். அவன் ஒருமுறை தலை நிமிர்ந்து பார்த்தான்; பின் குனிந்துகொண்டான். அவ்வாண்டு முழுவதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை அடக்கம் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நிகாஹ் மஜ்லிஸில் அவரைக் கண்டோம். இப்போது அவரும் பாடம் நடத்தும் மௌலவி. நம் உள்ளத்தை உறுத்திக் கொண்டிருந்த செய்தியைச் சொல்லி, அன்று நீங்கள் சொன்னதே சரி என்றோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "அந்தப் பெயர் எனக்கு நினைவில்லை ஹஜ்ரத். கேட்பதை நிறுத்திக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது" என்று பணிவோடு சொன்னார். குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லை. ஆனால் அன்று உண்ட விருந்து நமக்குச் சுவைக்கவில்லை.

ஏட்டை நாம் திருத்தத்தான் செய்தோம். கேட்டோம்; சரிபார்த்தோம்; மாற்றினோம். நான்காவது படியை மட்டும் விட்டுவிட்டோம். நீ சொன்னதே சரி என்ற மூன்று சொற்களைச் சபையில் சொல்லவில்லை. அதன் விலையை நாம் கொடுக்கவில்லை. ஒரு சிறுவன் கொடுத்தான். அன்றிலிருந்து, மாணவர் எவரேனும் பிழை காட்டினால், அங்கேயே கிதாபின் ஓரத்தில் திருத்தத்தை எழுதி, 'ஸஹ்ஹ' என்று குறித்து, காட்டியவர் பெயரையும் அருகில் எழுதி வருகிறோம். அவர்கள் பார்க்கவே எழுதுகிறோம். நம் கிதாபின் ஓரங்கள் இன்று பலருடைய பெயர்களால் நிறைந்திருக்கின்றன.

குடும்பத்திலும் இதற்கு இடமுண்டு. வாப்பா சொன்ன செய்தி தவறென்று மகள் பள்ளிப் பாடத்தைக் கொண்டு சொல்லும்போது, அவர் எழுந்து புத்தகத்தைப் பார்க்கட்டும். மாமியாரின் சொல்லில் ஒரு மறதியை மருமகள் நினைவூட்டும்போது, "ஆமாம் மகளே, நீ சொன்னதுதான் சரி" என்று அவர் பிள்ளைகள் கேட்கச் சொல்லட்டும். சொல்ல வேண்டியவரும் இப்னு வஹ்பைப்போல நேரம் பார்த்துச் சொல்லட்டும். சொன்னது தவறாக இருப்பின், பார்த்துவிட்டு அதனையும் அன்போடு விளக்கலாம். பார்த்த பின் மறுப்பதில் இழிவொன்றுமில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த ரமலானில் தராவீஹ் தொழும்போது, பின்னாலிருந்து ஒரு சொல் எடுத்துக் கொடுக்கப்படுவதை மீண்டும் கேட்போம். இமாம் அதைப் பெற்று ஆயத்தைத் திரும்ப ஓதும் அந்தக் கணத்தைச் சற்றே மனத்தில் நிறுத்திக்கொண்டு, வீடு வரையிலும் கொண்டு செல்வோமாக.